கேமரா பார்க்கும், கயிற்றை அளக்குமா?

சிங்கப்பூரில் 5 மில்லியன் வெள்ளியும் அதற்கு மேலும் ஒப்பந்த மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில் ஜூன் 1, 2024 முதல் கண்காணிப்புக் கேமரா கட்டாயம். உயிரைப் பறிக்கக்கூடிய விதிமீறல்களுக்கான உச்ச அபராதமும் அன்றுதான் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாக உயர்ந்தது. கேமரா தவறுகளைத் தடுக்கும், விசாரணைக்கும் உதவும் என்கிறது மனிதவள அமைச்சு. இரண்டாவதை நம்பலாம். முதலாவதைப் பற்றித்தான் வாசகர்கள் எழுதுகிறார்கள்: “உயரத்தில் வேலை செய்ய பெல்ட் போட்டு ஹூக்கும் மாட்டியவர் எப்படித் தரையில் மோதுவார்?”

மோதுவார். கணக்கு இதுதான். பெல்ட்டின் கயிறு பெரும்பாலும் 1.8 மீட்டர். விழும்போது சட்டென்று நிறுத்தும் இழுப்பை உடம்பு தாங்காது என்பதால் கயிற்றில் மடித்துத் தைத்த ஒரு பட்டை இருக்கும். இழுப்பில் அதன் தையல் பிரிந்து பிரிந்து வேகத்தை விழுங்கும். நல்ல யோசனைதான், ஆனால் பிரியும்போது சுமார் 1.1 மீட்டர் நீளும். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். கையிருப்பாக 1 மீட்டர். கூட்டினால் 5.4. காலடியில் ஹூக் மாட்டியவருக்குக் கீழே அத்தனை மீட்டர் காலியாக இருக்க வேண்டும். அதே ஹூக்கைக் காலடியிலிருந்து 2 மீட்டர் உயரத்தில், தலைக்கு மேல் மாட்டினால் 3.4 போதும்.

இப்போது விதியைப் பாருங்கள். 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைக்கு பெர்மிட் வேண்டும். பெர்மிட்டில் கையெழுத்து, உடம்பில் பெல்ட், காலடியில் ஹூக் என்று 4 மீட்டரில் நிற்பவர் எல்லாம் சரியாக இருக்கும்போதே தரையைத் தொட்டுவிடுவார். கேமராவில் அவர் ஒழுங்கான ஊழியராகத்தான் தெரிவார். ஹூக் மாட்டியது படத்தில் விழும். கீழே எவ்வளவு இடம் என்பதை யாராவது அளந்தால்தான் உண்டு. ‘வீழ்ச்சித் தடுப்புத் திட்டம்’ என்று விதி கேட்கும் ஆவணம் இதற்காகத்தான். அது கோப்பிலேயே இருந்தால் பாதுகாப்பு கோப்புக்கு மட்டும்தான்.

உயரம் குறைவான இடத்தில் என்ன வழி? முதலில் கைப்பிடித் தடுப்பு. முடியாவிட்டால் விளிம்பையே எட்டவிடாத குட்டைக் கயிறு.

விழுந்து பெல்ட்டில் தொங்குபவரை அப்படியே விட்டுவைக்கலாமா? கூடாது, கால் பட்டைகள் ரத்த ஓட்டத்தை நெருக்கும், சில நிமிடங்களில் இறக்க வேண்டும்.

ஏணிக்கும் இதெல்லாமா? 2 மீட்டரிலிருந்து விழுந்தும் சாகிறார்கள்.

அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னால் வேலை போகுமா? அதற்காக நீக்குவது சட்டப்படி குற்றம்.

தவறு என் மேல் என்றால் இழப்பீடு? வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் பொதுவாக யார் தவறு என்று பார்ப்பதில்லை. விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும்.

நாளை ஹூக் மாட்டும் முன் சூப்பர்வைசரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: “எனக்குக் கீழே எத்தனை மீட்டர், அண்ணே?”