சரக்கு கைமாறும் இடங்கள்: மாலத்தீவின் போக்குவரத்து

ஹிஜ்ரி 744 (கி.பி. 1343) அளவில் மாலத்தீவு சென்றடைந்து, அங்குக் காழியாகவும் பணியாற்றிய இப்னு பதூதா, அத்தீவுகளின் அமைப்பைத் தம் பயண நூலில் விவரித்துள்ளார். நூறு தீவுகளோ அதற்குக் குறைந்தவையோ மோதிரம்போல் வட்டமிட்டு நிற்கின்றன. வட்டத்திற்கு வாசல்போல் ஓரிடம் உண்டு. கப்பல் அவ்வழியேதான் நுழைய இயலும். உள்ளூர் வழிகாட்டி இன்றி ஒரு தீவிலிருந்து மறு தீவுக்குச் செல்வது அரிது என்பது அவர் கூற்றின் சாரம். இவ்வளையத்தைத் திவேஹி மொழி 'அதொளு' என்கிறது. உலகம் இன்று வழங்கும் 'அடோல்' என்ற சொல் அதிலிருந்து பிறந்ததே. அம்மக்களின் 'தோனி'யோ நம் தோணிக்கு உறவுச் சொல்.

ஏறத்தாழ 1,190 தீவுகள், வடக்குத் தெற்காகச் சுமார் 870 கி.மீ. நீளத்தில் சிதறிக் கிடக்கின்றன. மக்கள் வாழ்பவை இருநூறுக்கும் குறைவு. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களில், ஐந்தில் இரண்டு பங்கினர் மாலே நகர எல்லைக்குள்ளேயே வசிக்கின்றனர். அரிசி, கோதுமை மாவு, எரிபொருள், சிமெண்ட் என யாவும் கடல் கடந்தே வரவேண்டும்.

பல்வழிப் போக்குவரத்து என்று இத்துறையினர் கூறுவது என்ன? லாரி, ரயில், கப்பல், விமானம் ஆகியவற்றுள் இரண்டோ அதற்கு மேற்பட்டவையோ மாறிமாறிச் சுமந்தாலும், சரக்கு ஒரே ஒப்பந்தத்தின்கீழ், ஒருவரது பொறுப்பில் புறப்பட்ட இடத்திலிருந்து சேருமிடம் வரை செல்வதாகும். 1956இல் அமெரிக்காவில் கன்டெய்னர் பெட்டிகள் கப்பலேறியபின் இது எளிதாயிற்று. இதற்கென 1980இல் ஐ.நா. உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று. எனினும் போதிய நாடுகள் ஏற்காமையால் அது நடைமுறைக்கு வரவேயில்லை. இந்தியா தன் ஏற்றுமதிச் சரக்குகளுக்கென 1993இல் தனிச் சட்டம் இயற்றியது.

இதன் உயிர்நாடி வாகனமன்று, பொறுப்பே என்பது நம் கருத்து. ஃபிக்ஹு பயின்றோர்க்கு இது புதிய வினாவுமன்று. பலருக்கும் கூலிக்குப் பணிசெய்யும் 'அஜீர் முஷ்தரக்' கையில் பொருள் கெட்டால் ஈடு யார் தருவது? அது அவர் கையில் அமானிதமே. அவர் செயலாலோ வரம்பு மீறலாலோ அன்றி அழிந்தால் ஈடில்லை என்றார் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்). தவிர்க்கவியலாப் பேரிடர் நீங்கலாக ஈடு செய்தே தீரவேண்டும் என்றனர் அவர்தம் மாணவர்களான இமாம் அபூ யூசுஃபும் இமாம் முஹம்மதும் (ரஹ்). சுமப்பவர் ஒருவராயின் இவ்வளவே வாதம். நால்வராயின்?

மாலத்தீவில் நிகழ்வது இந்த நால்வர் கதையே. தூத்துக்குடியிலோ கொழும்பிலோ ஏறிய வெங்காய மூட்டை மாலேயில் இறங்கும். அங்கு மொத்த வணிகர் கிடங்கில் தங்கும். பின்னர் உள்ளூர்ப் படகில் ஏறும். தீவின் சிறு துறையில் மீண்டும் இறங்கும். 'ஹுளங்கு' எனப்படும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமாயின் படகு காத்துக் கிடக்கும். அழுகியது எவர் கையில் என்று எவரும் ஒப்புவதில்லை. ஆகவே ஒவ்வொருவரும் இழப்பை முன்கூட்டியே விலையில் ஏற்றிக்கொள்கின்றனர். அதைச் செலுத்துபவர் கடைக்கோடித் தீவுவாசி.

இதற்கான மருந்து தலைநகரில் மட்டும் தேடப்பட்டு வந்துள்ளது என்றே சொல்லத் தோன்றுகிறது. 2018இல் திறக்கப்பட்ட பாலம் மாலேயை விமான நிலையத்தீவாகிய ஹுல்ஹுலேயோடும் ஹுல்ஹுமாலேயோடும் இணைத்தது, நற்பணியே. நெரிசல் மிக்க வணிகத் துறைமுகத்தை மாலேக்கு வெளியே கொண்டுசெல்லும் திட்டத்திலோ, ஆட்சி மாறியதும் இடமும் குல்ஹிஃபல்ஹுவிலிருந்து திலஃபுஷிக்கு மாறியது. இவையாவும் ஒரே வாசலை அகலப்படுத்தும் முயற்சிகள். வடபகுதியில் 2022இல் தொடங்கிய அதிவேகப் படகுச் சேவை பயணிகளுக்கு விடிவு தந்தது, மூட்டைகளுக்கு அன்று.

மாறாக, 2020 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கொச்சி வழியாகப் புறப்பட்ட நேரடிச் சரக்குக் கப்பல், மாலேக்கு முன்னர் வடக்கே குல்ஹுதுஃபுஷியில் சரக்கு இறக்கியதை நாம் பெரிதாக மதிக்கிறோம். மாலேக்குச் சுமார் 275 கி.மீ. வடக்கேயுள்ள அத்தீவு, தூத்துக்குடிக்கு மாலேயைவிட அருகிலுள்ளது. அதைக் கடந்து மாலே சென்று, அதே சரக்கு மீண்டும் வடக்கே திரும்பி வருவதில் என்ன பொருள் இருக்கிறது? தெற்கே, நிலநடுக்கோட்டுக்கும் அப்பாலுள்ள அத்தூவில், ஹிததூ துறைமுகமும் இத்தகைய வாசலாக இயங்க வல்லது.

ஒற்றை வாசலின் ஆபத்தைத் தலைநகரமே 2014 டிசம்பரில் கண்டது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தீப்பற்றியதும் மாலே நகரம் தாகத்தில் தவித்தது. இந்தியா விமானங்களிலும் கடற்படைக் கப்பல்களிலும் தண்ணீர் அனுப்ப நேர்ந்தது.

இன்னொரு முடிச்சும் உண்டு. நிறைந்து வரும் கன்டெய்னர்கள் பெரும்பாலும் வெறுமையாகவே திரும்புகின்றன. அக்கூலியும் அரிசி விலையில் சேர்கிறது. திருப்பியனுப்பத் தக்க சரக்கு மீன் ஒன்றே. இப்னு பதூதா காலத்திலேயே யமனுக்கும் இந்தியாவுக்கும் சென்ற மாசிக்கருவாடும், இன்றைய உறைந்த சூரை மீனும் வடக்கு, தெற்குத் துறைகளிலேயே ஏறுவதாயின், அங்கு இறக்குமதிக் கப்பல்கள் அடிக்கடி வருவதற்கும் காரணம் கிடைக்கும். அதற்குக் குளிர்பதனக் கிடங்கும், சுங்க அலுவலரும், வாரந்தவறாத உள்ளூர்ச் சரக்குப் படகும் அத்துறைகளிலேயே இருக்கவேண்டும்.