விசிறி சுழலட்டும்!

2024-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி சென்னை மெரினாவில் விமானப் படையின் சாகசக் காட்சி நடந்ததே, நினைவிருக்கிறதா? ரஃபேல், சுகோய், தேஜஸ் என்று ஒவ்வொன்றாக வந்து, நாம் காதைப் பொத்திக் கொள்வதற்குள் கடலைத் தாண்டி மறைந்தன. அந்த அமர்க்களத்தின் நடுவே, கல்யாண வீட்டில் பேரன் பேத்திகள் போடும் கூச்சலுக்கு மத்தியில் கொள்ளுப் பாட்டி நிதானமாக நடந்து வருவது போல, இரண்டு கிழ விமானங்கள் வந்தன. ஒன்று டகோட்டா, மற்றது ஹார்வர்டு. மணலில் நின்ற லட்சக்கணக்கான கைகள் செல்போனை உயர்த்தின. காமிரா வைத்திருந்தவர்கள் காமிராவை உயர்த்தினார்கள்.

பிறகு எத்தனையோ பேர் தாங்கள் எடுத்த படங்களைக் காட்டினார்கள். விமானம் வெகு தெளிவு. ஜன்னல்களை ஒன்று, இரண்டு என்று எண்ணி விடலாம். ஆனால் விசிறி மட்டும், மின்சாரம் போன வீட்டு மின்விசிறி மாதிரி, அசையாமல் நிற்கிறது! சித்திரைத் திருவிழாக் கடைகளில் நூலில் கட்டித் தொங்க விட்டிருப்பார்களே பொம்மை விமானம், அதைப் போட்டோ எடுத்தது போலத்தான் இருந்தது. ஆகாயத்தில் போகும் விமானத்துக்கு விசிறி நின்று விட்டால் என்ன கதி என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். போட்டோவில் மட்டும் அதை நாம் சகித்துக் கொள்கிறோம்.

இது காமிராவின் குற்றமல்ல. அது ரொம்பச் சமர்த்தாக இருப்பதால் வந்த வினை. டகோட்டாவின் புரொப்பெல்லர் நிமிஷத்துக்குச் சுமார் 1200 தடவை சுற்றுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். வினாடிக்கு 20 சுற்று. நல்ல வெயிலில் காமிராவை அதன் இஷ்டத்துக்கு விட்டால், ஷட்டரை ஒரு வினாடியில் 2000-த்தில் ஒரு பங்கு நேரம்தான் திறக்கும். அதற்குள் விசிறி ஒரு சுற்றில் நூற்றில் ஒரு பங்குதான் நகரும். பிறகு அது நிற்பது போல விழாமல் வேறு எப்படி விழும்? அதே ஷட்டரை 125-ல் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்தால், மூன்று அலகுகளும் தங்களுக்கு இடையே உள்ள இடத்தில் பாதியை மெழுகிக் கொண்டு வரும். 60-ல் ஒரு பங்கு என்றால் முழு வட்டமும் நிறைந்து, பார்க்கவே பனி மூட்டம் போல அழகாக இருக்கும்.

“அவ்வளவுதானா? 60-ல் வைத்து விட்டால் போயிற்று!” என்பீர்கள். அங்கேதான் சங்கடம். விமானம் மணிக்கு 250 கிலோ மீட்டர் வேகத்தில் போனால் வினாடிக்கு ஏறக்குறைய 70 மீட்டர். 60-ல் ஒரு பங்கு நேரத்தில் அது ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்து விடும். காமிராவை ஆடாமல் பிடித்துக் கொண்டு நின்றால் விசிறியோடு விமானமும் சேர்ந்து கலைந்து விடும். ஆகவே, விமானத்தோடு காமிராவும் போக வேண்டும். அதே வேகத்தில், அதே கோட்டில்.

கோலம் போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நீண்ட இழை இழுக்கும்போது கை நடுவில் தயங்கினால் அந்த இடத்தில் மாவு கொட்டி முடிச்சு விழுகிறதல்லவா? இங்கேயும் அதே கதைதான். விமானம் தூரத்தில் வரும்போதே அதைக் கண்ணாடிக்குள் பிடித்துக் கொள்ள வேண்டும். முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டி இருக்க, இடுப்புக்கு மேலே உடம்பு மட்டும் திரும்ப வேண்டும். பித்தானை அழுத்திய பிறகும் நிறுத்தாமல் கொஞ்ச தூரம் தொடர்ந்து போக வேண்டும். ‘எடுத்தாச்சு’ என்று கையை நிறுத்தினவர் கெட்டார்.

இந்த வித்தை பழகுவதற்கு விமானம் வேண்டியதில்லை. நாகமலை புதுக்கோட்டையில் தேனி ரோடு ஓரமாக, வண்டிகளுக்கு இடைஞ்சல் இல்லாத இடமாகப் பார்த்து நின்றால் போதும். உசிலம்பட்டி பஸ்ஸும் தேனி பஸ்ஸும் வந்த வண்ணமாக இருக்கும். பின்னால் நாகமலை பாம்பு போல நீண்டு கிடக்கிறது. பஸ் தெளிவாகவும் மலை இழுபட்டும் விழுந்தால் கை பழகி விட்டது என்று அர்த்தம். நான் அங்கே நாலு நாள் மாலையில் நின்றேன். “என்ன சார், ரோடு அகலப்படுத்தப் போறாங்களா?” என்று மூன்று பேர் கவலையோடு விசாரித்துவிட்டுப் போனார்கள்.

நாலு நாள் நின்றதற்குக் காரணம் என் சின்னப் பாட்டி. அந்த ஊரில்தான் இருக்கிறாள். வயது எண்பதைத் தாண்டி விட்டது. அறுபதுகளின் ஆரம்பத்தில், கல்யாணமான புதிதில், அவள் தகப்பனாருக்கு மெட்ராஸில் உடம்பு மிகவும் மோசமாகி விட்டது. தந்தி வந்தது. தாத்தா கடன் வாங்கி இரண்டு டிக்கெட் எடுத்து, மதுரையிலிருந்து டகோட்டா விமானத்தில் அழைத்துப் போனார். “ரயிலுக்குக் காத்திருந்தா எங்க அப்பாரு முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன்” என்று இன்றும் சொல்வாள். திரும்பி வந்த அன்று, கொழுந்தனார் ஒரு பெட்டிக் காமிராவில் எடுத்த படம் அவளிடம் இருக்கிறது. விமானத்தின் படி அருகே இருவரும் நிற்கிறார்கள். தாத்தாவின் முகத்தில் பாதி நிழல். பின்னால் இறக்கையும் ஓய்ந்து நிற்கும் விசிறியும்.

“எல்லாம் சரிதான், அந்தச் சத்தம் வரலையேப்பா இதுல” என்பதுதான் பாட்டியின் குறை. மெரினாவுக்கு டகோட்டா வருகிறது என்றதும், “ஓடுற மாதிரி ஒண்ணு எடுத்துட்டு வா” என்று கட்டளை பிறந்து விட்டது.

விமான நிலையத்தில் அந்நாளில் அந்தப் படத்தை எப்படித்தான் எடுத்தார்களோ! இந்த விஷயத்தில் கெடுபிடி அன்றே உண்டு. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று பெயர் பெற்ற ஹோமாய் வியாரவாலா ஐம்பதுகளில் எடுத்த ஒரு படம் பிரசித்தமானது. டில்லி விமான நிலையத்தில் தங்கை விஜயலட்சுமி பண்டிட்டின் வருகைக்காக நேருஜி காத்திருக்கிறார். அவர் பக்கத்திலேயே, படம் எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லும் பலகை! நமக்கு அந்தத் துணிச்சல் வேண்டாம். விமானப் படைத் தளங்களின் சுவருக்கு அருகே காமிராவோடு நடமாடாதீர்கள். பொதுமக்களை அழைத்து நடத்தும் காட்சிகளும் கண்காட்சி சாலைகளுமே நமக்கு உகந்த இடம்.

டில்லி பாலத்தில் 1967 முதல் விமானப் படையின் கண்காட்சி சாலை இருக்கிறது. வாபிடி, ஹரிகேன், ஸ்பிட்பயர், லிபரேட்டர் என்று இரண்டாம் உலக யுத்தக் காலத்து விமானங்கள் அங்கே இருக்கின்றன. பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தாரின் காட்சி சாலையும் உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. கல்லூரியில் நிறுத்தி வைத்திருந்த இரண்டு பழைய விமானங்கள் மாணவப் பருவத்தில் தம்மை எப்படி ஈர்த்தன என்பதை அப்துல் கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நிற்கும் விமானம்தானே என்று அலட்சியமாக நினைக்கக் கூடாது.

நிற்கும் விமானத்தை எடுக்க அவசரம் இல்லை. ஆகவே சாக்கும் இல்லை. கதவு திறந்ததும் முதல் ஆளாகப் போய் விடுங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது தகட்டில் உள்ள ஒவ்வொரு ஆணியும் தெரியும். டகோட்டா மாதிரி வால் சக்கரம் உள்ள விமானங்கள் மூக்கை நிமிர்த்திக் கொண்டுதான் உட்கார்ந்திருக்கும். நாமும் முழங்காலிட்டுக் கீழேயிருந்து, மூக்குக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்து எடுத்தால் அதன் கம்பீரம் கிடைக்கும். மெருகிட்ட அலுமினியம் எவர்சில்வர் குடம் மாதிரி; எதிரே இருப்பதை எல்லாம் காட்டிக் கொடுத்து விடும். பளிச்சென்ற சிவப்புப் புடவையோடு அருகில் நின்றால் விமானத்துக்கும் சிவப்புக் கரை கிடைக்கும்! முழு உருவத்தை எடுத்த பிறகு, தேய்ந்த படிக்கட்டையும் டயரையும் ஒட்டுப் போட்ட இடத்தையும் தனியாக எடுங்கள். எனக்கு அவைதான் அதிகம் பிடிக்கின்றன.

பறக்கும் நிலையில் உள்ள டகோட்டா தரையில் நிற்பதைப் பார்க்க வாய்த்தால், எஞ்சினைக் கிளப்பும் நேரத்தைத் தவற விடக் கூடாது. வட்டமாக அடுக்கிய 14 சிலிண்டர்களில் கீழே இருப்பவற்றில் எண்ணெய் இறங்கித் தேங்கி விடுவதுண்டு. அதனால் முதலில் ஆட்கள் விசிறியைக் கையாலேயே தள்ளிச் சுற்றுவார்கள். செக்கு இழுப்பது போல இருக்கும். அப்புறம் ஒரு இருமல், ஒரு வெண்புகை, இன்னொரு இருமல், பிறகு தடதடவென்று ஓட்டம்! அந்தப் புகை சில விநாடிதான் நிற்கும்.

ஆகாயத்திலிருந்து ஆகாயத்தில் எடுப்பது தனிக் கலை. அதற்கு இரண்டு விமானங்கள் வேண்டும். ஒன்றின் கதவைக் கழற்றி விட்டு, போட்டோக்காரரை வார்களால் கட்டி உட்கார வைப்பார்கள். அது ஒரே சீராகப் பறக்க, மற்றது அதை அண்டி வரும். யார் எந்தப் பக்கம் திரும்புவது, ஒருவரை ஒருவர் காணாவிட்டால் எப்படி விலகுவது என்பதெல்லாம் தரையிலேயே பேசி முடித்தாக வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் போவதால் ஷட்டரைத் தைரியமாகக் குறைக்கலாம். ஆனால் உடம்பை விமானத்தின் மேல் சாய்த்தால் அதன் அதிர்வு முழுவதும் காமிராவுக்கு வந்து விடும். கீழே வயலும் கண்மாயும் விரிய, நாகமலை முதுகின் மேல் ஒரு டகோட்டா... நினைத்துப் பார்க்கச் செலவில்லை அல்லவா?

மெரினாவுக்கு வருவோம். காட்சி காலை 11 மணியிலிருந்து பகல் 1 மணி வரை. போட்டோவுக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. உச்சி வெயிலில் இறக்கையின் மேல்பக்கம் மின்னும். நமக்குத் தெரியும் வயிறு கறுத்திருக்கும். பளபளக்கும் வானத்தைப் பார்த்துக் காமிரா ஏமாந்து விடாமல், ஒரு படி கூடுதலாக வெளிச்சம் கொடுக்க வேண்டும். அன்று வெயிலிலும் நெரிசலிலும் 5 பேர் உயிரிழந்ததையும் சொல்லாமல் இருக்க முடியாது. குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துப் போகிறவர்களுக்கு லென்ஸைவிடத் தண்ணீரும் குடையும் முக்கியம்.

நான் 40 படம் எடுத்தேன். 37 கலைந்தவை. இந்தக் கணக்கு மோசமில்லை என்று அனுபவஸ்தர்கள் சொல்கிறார்கள். முதலில் 250-ல் நாலைந்து பத்திரமாக எடுத்து வைத்துக் கொண்டு, அப்புறம் 125, கடைசியில் 60 என்று இறங்குவது புத்திசாலித்தனம். செல்போன்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் லென்ஸ் துவாரத்தைச் சுருக்கப் பெரும்பாலும் வழியில்லை, வெயிலில் ஷட்டரைக் குறைத்தால் படம் வெளுத்துப் போகும். லென்ஸின் முன் வைக்கும் கறுப்புக் கண்ணாடி கடைகளில் கிடைக்கிறது.

மூன்றில் ஒன்றைப் பெரிதாக்கிப் பாட்டியிடம் கொடுத்தேன். விசிறி இரண்டும் வெறும் வட்டப் புகை. கண்ணாடியை மாட்டிக் கொண்டு வெகு நேரம் பார்த்தாள். “ம்... இதுல காத்தடிக்குது” என்றாள். பிறகு, “இதே ஏரோப்பிளேனா?” என்று கேட்டாள்.

இல்லை. மெரினாவில் பறந்ததற்கு ‘பரசுராமா’ என்று பெயர். அயர்லாந்தில் கிடந்த பழைய விமானம் ஒன்றை 2011-ல் ராஜீவ் சந்திரசேகர் வாங்கினார். அவர் தகப்பனார் விமானப் படையில் டகோட்டா ஓட்டியவர். இங்கிலாந்தில் அதைச் செப்பனிட்டு விமானப் படைக்கு அன்பளிப்பாகத் தந்தார். 2018-ல் அது அங்கிருந்து பறந்தே இந்தியா வந்து சேர்ந்தது. அதன் வாலருகே எழுதியிருக்கும் வி.பி.905 என்ற எண்கூட இரவல்தான். 1947 அக்டோபர் 27-ல் ஸ்ரீநகரில் சீக்கியப் படை வீரர்களோடு இறங்கிய டகோட்டாவின் எண்ணை, அதன் ஞாபகார்த்தமாக இதற்கு இட்டிருக்கிறார்கள். வருஷம் கழித்துப் படத்தைப் பார்க்கிற பேரப் பிள்ளைகள் இது காஷ்மீருக்குப் போன அதே விமானம் என்று எண்ணி விடக் கூடும். அல்லது பாட்டி ஏறிய விமானம் என்று சாதிப்பார்கள். ஆகையால் படத்தின் பின்பக்கம் பென்சிலால் இடம், தேதி, இந்த எண்ணின் விவரம் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். பாட்டி அதைப் பழைய படத்தின் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறாள்.