கூடைக்கு ஏணி எதற்கு?

சிப்காட் கம்பெனி பஸ்கள் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டுப் போகிற சாயங்கால நேரம். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்ப் பக்கம் கூடைப்பந்துப் போட்டிக் காலம் வந்துவிட்டால், கல்லூரிப் பையன்கள் பந்தும் கையுமாகத்தான் திரிவார்கள். நேயர்களே, அந்த ஆட்டத்தை ஒரு காலத்தில் ஏணி வைத்து ஆடினார்கள், தெரியுமா?

1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித், பீச் பழக்கூடை இரண்டை உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். நிஜக் கூடை! அடியில் ஓட்டை கிடையாது. பந்து உள்ளே விழுந்தால் ஆட்டம் நிற்கும். ஏணியில் ஏறி ஒருவர் எடுத்துப் போட வேண்டும். பத்து முறை விழுந்தால் பத்து முறை ஏற வேண்டும், பாவம்!

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் ஊர்ப் பள்ளிகளின் பி.டி. வாத்தியார்களில் பலர், பல தலைமுறையாக அங்கே படித்து வந்தவர்கள்தான்.

அந்தக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் லோக்கல் ரயில் ஏறி, சென்ட்ரலில் மெட்ரோ மாறினால் போதும்.