‘செக்’ என்னும் ஆங்கிலச் சொல்: ஒரு வேரும் பல பொருள்களும்

ஒரே ஒலிவடிவம் பல பொருள்களில் வழங்கும்போது, அதனைப் பல பொருள் தரும் ஒரு சொல்லாகக் கொள்வதா, ஒலியால் மட்டும் ஒத்த பல சொற்களாகக் கொள்வதா என்னும் வினா அகராதி தொகுப்போர்க்கு நாள்தோறும் எழுவதாகும். வங்கியில் கொடுப்பது செக். கட்டம் போட்ட துணியும் செக். கணக்கைச் சரிபார்ப்பது செக் செய்தல். சதுரங்கத்தில் அரசனைத் தாக்கி அறிவிப்பதும் செக். மேலோட்டமாக நோக்குவார்க்கு இந்நான்கிற்கும் தொடர்பிருப்பதாகத் தோன்றாது. ஆயினும் ஆங்கிலத்தில் இவை அனைத்தும் ஒரு வேரிலிருந்து கிளைத்தவையே.

அவ்வேர், அரசன் என்னும் பொருளுடைய ‘ஷா’ என்னும் பாரசீகச் சொல்லாகும். இந்தியாவில் தோன்றிய சதுரங்கம் பாரசீகத்தில் ‘சத்ரங்’ என்றும், அரபியில் ‘ஷத்ரஞ்ச்’ என்றும் திரிந்து ஐரோப்பாவை அடைந்தது. ஸ்பானியமும் போர்த்துகீசியமும் இப்பெயரின் திரிபையே ஆட்டத்தின் பெயராகக் கொண்டன. பிரெஞ்சும் ஆங்கிலமுமோ ஆட்டத்தின் பெயரை விடுத்து, அரசன் தாக்கப்படும்போது விடுக்கும் எச்சரிக்கைச் சொல்லைப் பற்றிக்கொண்டன. பழைய பிரெஞ்சில் அச்சொல்லின் ஒருமை வடிவம் ஆங்கிலத்தில் ‘செக்’ ஆயிற்று. பன்மை வடிவம் ‘செஸ்’ ஆயிற்று. ஆட்டத்தின் பெயரும் ஆட்டத்திடை எழும் குரலும் ஒரு சொல்லின் பன்மையும் ஒருமையுமே என்பது நோக்கத்தக்கது.

பலகையிலிருந்து பிறந்த பொருள்கள் ஒரு கிளை. சதுரங்கப் பலகையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லே ஆங்கிலத்தில் ‘செக்கர்’ எனச் சுருங்கிக் கட்டக் கோலத்தைக் குறித்தது. அது மேலும் குறுகித் துணியைக் குறிக்கும் ‘செக்’ ஆயிற்று. இங்கிலாந்து அரசின் கருவூலத்திற்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர் வந்ததும் இப்பலகையாலேயே. இரண்டாம் ஹென்றியின் பொருளாளராக இருந்த ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல், 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலத்தீனில் எழுதிய உரையாடல் நூலில் இதனை விளக்கியுள்ளார். ஏறத்தாழ 10 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள மேசைமீது கோடுகளிட்ட கருந்துணி விரித்து, அதன்மேல் காய்களை வைத்துக் கணக்கிட்டனர். அங்குப் பொருளாளர்க்கும், மாவட்ட வரிப்பணத்திற்குக் கணக்குக் காட்ட வந்த ஷெரீபுக்கும் இடையே நிகழ்வதும் சதுரங்கப் போர் போன்றதே என்கிறார் அவர். வரிக்கணக்கு ஒப்படைத்த அனுபவம் உடையவர்கள் இவ்வொப்புமையை மறுக்கமாட்டார்கள்.

மற்றொரு கிளை, தாக்குதல் என்னும் பொருளிலிருந்து வளர்ந்தது. தாக்கப்பட்ட அரசன் விரும்பியவாறு நகர இயலாது. இதனால் சொல் ‘தடை’ என்றும், பின் ‘கட்டுப்பாடு’ என்றும் பொருள்பட்டது. அரசியலமைப்பைப் பற்றிய எழுத்துகளில் அதிகாரத்தைத் தடுத்து நிறுத்துதல் என்னும் பொருளில் இச்சொல் இன்றும் வழங்குகிறது. பிழையைக் கட்டுப்படுத்தும் வழி சரிபார்த்தல் ஆதலின் அப்பொருளும் சேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில், போலி ஆவணத்தைக் கண்டறிவதற்காக வைத்துக்கொள்ளப்பட்ட அடிச்சீட்டு இப்பெயர் பெற்றது. அடிச்சீட்டின் பெயர் பின்னர்ப் பணம் வழங்கும் ஆணைக்கே ஆகிவந்தது.

வங்கிச் செக் ‘எக்ஸ்செக்கர்’ என்பதிலிருந்து பிறந்தது எனச் சிலர் கொள்வர். இது முழுதும் பொருந்தாது. அதன் தாக்கம் எழுத்துக்கூட்டலில் மட்டுமே உண்டு. அத்தாக்கத்தால் பிரித்தானிய ஆங்கிலம் ‘கியூ’ எழுத்தைப் புகுத்தியது. அமெரிக்க ஆங்கிலம் பழைய ‘கே’ எழுத்தையே வைத்துக்கொண்டது. இந்தியாவில் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரித்தானிய வடிவத்தை நிலைபெறச் செய்தது.

இனித் தமிழ் அகராதிக்கு வருவோம். ஆங்கிலத்தில் வேர் ஒன்று என்பதனால் தமிழிலும் ஒரே தலைச்சொல் இடுவது முறையாகாது என்பதே என் கருத்து. தமிழ் இப்பொருள்களை ஒரு சொல்லின் வரலாறாகப் பெறவில்லை. வங்கி, துணிக்கடை, அலுவலகம், விளையாட்டு எனத் தனித்தனி வாயில்கள் வழியே பெற்றது. காசோலை, கட்டம், சரிபார்த்தல் என நேர்ச்சொற்களும் வெவ்வேறாக அமைந்துள்ளன. இவற்றைத் தனித்தனித் தலைச்சொற்களாகவே இடல் வேண்டும்.

‘செக் வை’ என்பது மட்டும் வேறு நிலையினது. ஆட்டச் சொல்லான இது, எதிரியின் அடுத்த நகர்வை அடைத்தல் என்னும் பொருளில் செய்தித்தாள்களின் அரசியல் பகுதியில் பெருவழக்காயிற்று. தாக்குதலிலிருந்து தடைக்கு ஆங்கிலச் சொல் முன்பு கடந்த படியைத் தமிழ் வழக்கும் தன் போக்கில் கடந்துள்ளது. எனவே ஆட்டப் பொருளையும் அரசியல் பொருளையும் ஒரே தலைச்சொல்லின்கீழ்த் தரலாம். பேச்சுத்தமிழில் குற்றியலுகரம் ஏற்று வங்கிச் செக்கும் ‘செக்கு’ என்றே ஒலிக்கிறது. எண்ணெய் ஆட்டும் செக்கோடு அதற்கு எவ்வுறவும் இல்லாமையால், அவ்விரண்டையும் எண்ணிட்டுப் பிரித்துக் காட்டுதல் வேண்டும்.