அலெக்ஸ் மர்பி: ஆடியவரும் ஆட்டுவித்தவரும்

2015ஆம் ஆண்டு வெம்பிளி மைதானத்துக்கு வெளியே நிறுவப்பெற்ற சிலையில் சேர்ந்து நிற்கும் ரக்பி லீக் வீரர் ஐவருள் ஒருவரான அலெக்ஸ் மர்பி, கண்ணாடித் தொழிலுக்குப் பேர்பெற்ற செயின்ட் ஹெலன்ஸ் நகரில் 1939இல் பிறந்து, பதினாறு வயது நிறைந்ததுமே அவ்வூர்க் கழகத்தில் ஒப்பந்தமாகி, பத்தொன்பதாம் பிராயத்தில் கிரேட் பிரிட்டன் அணியோடு ஆஸ்திரேலியா சென்று வெற்றியுடன் மீண்டவர்.

பதின்மூவர் ஆடும் இவ்விளையாட்டில், முட்டி மோதும் முன்வரிசையாரின் காலடியிலிருந்து வெளிப்படும் பந்தை எடுத்து, அதைப் பிறரிடம் சேர்ப்பதா, தானே ஏந்தி ஓடுவதா என்று கணப்பொழுதில் நிர்ணயிக்க வேண்டியவர் ஸ்கிரம் ஹாஃப். வேகமும் சமயோசித புத்தியும் அஞ்சாமையும் ஒருங்கே அமைந்த மர்பியைப்போல் அந்த ஸ்தானத்தை அலங்கரித்த மற்றொருவரைச் சொல்வது அரிது.

1966இல் செயின்ட் ஹெலன்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிச் சேலஞ்ச் கோப்பையை வென்ற அவர், பின்னர் லீ என்னும் சிறு நகரத்துக் கழகத்தின் பயிற்சியாளராகி, களத்திலும் தாமே இறங்கி, எவரும் எதிர்பாராத வண்ணம் 1971 இறுதி ஆட்டத்தில் பலம்மிக்க லீட்ஸ் அணியை 24–7 என்று வீழ்த்தினார். அன்று மோதலில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுசெல்லப்பட்டபோதிலும், ஆட்டத்தின் சிறந்த வீரருக்குரிய லான்ஸ் டாட் விருது அவருக்கே கிட்டியது. 1974இல் வாரிங்டன் அணிக்கும் அவ்வாறே ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்து கோப்பையை ஈட்டித் தந்தார்.

வெவ்வேறு மூன்று கழகங்களின் தலைவராக நின்று வெம்பிளியில் அக்கோப்பையை ஏந்தியது மகத்தான சாதனை. ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற பின்னரும் லீ கழகத்துக்குத் திரும்பிய அவருடைய பயிற்சியில், 1981–82 பருவத்தில் அவ்வணி லீக் பட்டத்தையும் வென்றது.