கரி பூசிய உருளையும் கணினித் தவளையும்: தெரியுமா?

1951-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உடலியல் ஆய்வாளர் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்ன செய்துகொண்டிருந்தார், தெரியுமா? கைப்பிடி சுற்றிக்கொண்டிருந்தார்!

கணவாய் மீனின் தடித்த நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்பதற்கு அவரும் சக ஆய்வாளர் ஹாட்ஜ்கினும் சமன்பாடுகள் எழுதிவிட்டார்கள். தீர்க்கக் கணினி வேண்டும். பல்கலைக்கழகத்தில் இருந்ததோ ஒன்றே ஒன்று. அதையும் மாற்றியமைக்க ஆறு மாதம் நிறுத்திவிட்டார்கள்! ஹக்ஸ்லி கையால் சுற்றும் பிரன்ஸ்விகா கணக்குப் பொறியை இழுத்து வைத்துக்கொண்டார். நரம்பில் பரவும் ஒரே ஒரு துடிப்பைக் கணக்கிட ஏறக்குறைய மூன்று வாரம்! துடிப்பின் வேகம் விநாடிக்கு 18.8 மீட்டர் என்றது கணக்கு. மெய்யான நரம்பில் அளந்தபோது 21.2. அடேயப்பா! 1963-இல் இருவருக்கும் நோபல். இன்று அதே சமன்பாடுகளை மாணவரின் மடிக்கணினி கண் இமைப்பதற்குள் தீர்த்துவிடும்.

நம்மூர் பிசியாலஜி ஆய்வகத்தில் நெடுங்காலம் ஆட்சி செய்தது கணினியல்ல, கைமோகிராஃப். ஜெர்மனியின் கார்ல் லுட்விக் 1847-இல் உருவாக்கிய சுழலும் உருளை. தாளைச் சுற்றி, புகையில் காட்டிக் கரியேற்றி, தவளையின் கெண்டைக்கால் தசைக்கு மின்னதிர்ச்சி கொடுத்தால், நெம்புகோல் முனை கரியைச் சுரண்டி வெள்ளைக் கோடு போடும். தசை சுருங்கி விரிவது மொத்தம் விநாடியில் பத்தில் ஒரு பங்குதான்! அதற்காக ஒரு தவளை, கையெல்லாம் கரி, கடைசியில் கோடு அழியாமலிருக்க வார்னிஷ் குளியல் வேறு.

2019-இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் தவளைச் சோதனைகளைக் கணினி வழியே பார்த்தால் போதும் என்றது. மருந்தியலில் புதுச்சேரி ஜிப்மரின் ரவீந்திரன் முன்பே 'எக்ஸ்ஃபார்ம்' மென்பொருளைச் செய்திருந்தார்: முயலின் கண்ணும் தவளையின் இதயமும் திரையிலேயே!

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். திரைத் தவளை முரண்டு பிடிக்காது. வகுப்பில் அத்தனை பேருக்கும் ஒரே அச்சு வளைகோடு. "எனக்கு மட்டும் ஏன் கோணலாக வந்தது?" என்று கேட்க ஆளில்லை!

அதற்கும் வழி உண்டு, தெரியுமா? முன்கையில் மின்முனைகளை ஒட்டி, கணினியோடு இணைத்து, முஷ்டியை இறுக்கினால் போதும். சொந்தத் தசையின் மின்சாரம் திரையில் படபடக்கும். இப்போது தவளை யார்? மாணவர்தான்!