படம் குறைந்தால் உருவம் குறையுமா?

எக்ஸ்ரே தடுமாறி நிற்கும் ஈயத்தை நியூட்ரான் எளிதாகக் கடக்கும்; உள்ளே ஹைட்ரஜன் கலந்த பொருள் இருந்தால் அதைப் பளிச்சென்று காட்டும். கல்பாக்கத்தில் 1996-இல் இயங்கத் தொடங்கிய காமினி அணு உலையில், விண்வெளித் துறையின் வெடிக்கருவிகளை இப்படித்தான் படம் எடுத்துச் சோதிக்கிறார்கள். மருந்து அடைப்பில் சிறு இடைவெளி விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சிவகாசிக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒற்றைப் படம் வெறும் நிழல். முப்பரிமாண உருவம் வேண்டுமென்றால் பொருளைத் திருப்பித் திருப்பி எடுக்க வேண்டும். படம் 1,000 புள்ளி அகலம் என்றால், கணக்குப்படி சுமார் 1,570 கோணங்கள். படத்துக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் 26 மணி நேரம். காமினி போன்ற 30 கிலோவாட் உலையில் நியூட்ரான் வரத்து குறைவு என்பதால் நேரம் இன்னும் கூடும். 200 கோணங்களே போதுமென்றால் அந்த 26 மணி நேரம் மூன்றரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அரிய நியூட்ரானை வீணாக்காத வழி இதுவே என்பது என் கருத்து.

இதில் வியப்பூட்டுவது, கோணங்களை எடுக்கும் வரிசை. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரை ஒரு முனையிலிருந்து வரிசையாகச் சுற்றிப் பார்ப்பவர் பாதியில் நின்றால் மறுபக்கம் தெரியாமலே போகும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் பொருளைச் சுமார் 111.25 பாகை திருப்புகிறார்கள். 180-ஐப் பொன் விகிதமான 1.618-ஆல் வகுத்தால் வரும் எண் அது. இப்படி எடுத்தால் ஒவ்வொரு புதிய கோணமும் முந்தையவற்றின் பெரிய இடைவெளி ஒன்றில் போய் விழும். 50 படத்தில் நிறுத்தினாலும் 200-இல் நிறுத்தினாலும் கோணங்கள் ஏறத்தாழ சீராகவே பரவியிருக்கும். உருவம் தெளிந்ததும் உலையை அடுத்த வேலைக்கு விட்டுவிடலாம்.

எடுக்காத படத்தைக் கணினி கற்பனை செய்யாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் அமைப்பை ஆராய்ந்த ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல கோணப் படங்களிலிருந்து உருவத்தை மீட்க 1971-இல் தந்த கணக்குமுறை இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. ஆனால் படங்கள் குறைந்தால் அதில் கீற்றுக் கோடுகள் விழும். புதிய முறைகள் ஓர் உருவத்தை ஊகித்து, அதன் நிழலை உண்மைப் படத்தோடு ஒப்பிட்டு, திரும்பத் திரும்பத் திருத்துகின்றன. உலோகக் கூடு, மருந்து, வெற்றிடம் எனப் பகுதிகள் தெளிவாகப் பிரிந்த பொருளுக்கு இது பொருந்தும்; நுண்துளை நிறைந்த கல்லுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஆகவே எத்தனை கோணம் எடுத்தோம், எதை ஊகித்தோம் என்பதை அறிக்கையில் எழுத வேண்டும். சில படங்களை ஒதுக்கி வைத்து, கிடைத்த உருவத்தை அவற்றோடு சரிபார்க்கவும் வேண்டும். இந்தக் கணக்கைக் கற்க அணு உலை தேவையில்லை, கணினி போதும். ராமச்சந்திரனைப் புரத ஆய்வாளராக மட்டும் பாடத்தில் நிறுத்திவிட்டு இதை விட்டுவிடுவது பெரிய இழப்பு. நம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகள் இதைச் செய்முறைப் பாடமாகவே வைக்கலாம்.